கோவாவின் அடியில் ஒரு பெருவிரல் சுண்ணாம்பு

என்னிடம் ஒரு பித்தளைச் சுண்ணாம்பு டப்பா இருக்கிறது. நெல்லிக்காய் அளவுதான். மூடியில் ஒரு சின்னச் சங்கிலி. மூடியைத் திறந்தால் உள்ளே காய்ந்துபோன சுண்ணாம்பு ஓரங்களில் வெள்ளைப் பொருக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். நான் வெற்றிலை போடுகிறவன் இல்லை. ஆனாலும் வெளியே கிளம்பும்போது சட்டைப் பையில் இது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரிக்கு இது வேடிக்கை. "மூக்குக் கண்ணாடிய மறந்துட்டுப் போறீங்க, இத மட்டும் மறக்கமாட்டேங்குறீங்க" என்பாள். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். பதில் சொல்லத் தெரியாத இடங்களில் சிரித்துவிட்டுப் போவது என் சிறுவயதுப் பழக்கம். அந்தப் பழக்கத்தால் ஒருமுறை ஒரு பெரிய காரியமே கெட்டுப்போக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டப்பா என் மதினியுடையது. மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. எங்கள் குடும்பத்தில் கொழுந்தன்மார் மதினியின் பெயரை வாயால் சொல்வதில்லை. அது மரியாதைக் குறைவு. ஆகவே இங்கேயும் மதினி என்றே எழுதுகிறேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். உயரம் குறைவு, குரல் மட்டும் மலைக்கு மலை கேட்கும். தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருநாள் கங்காணியோடு சண்டை போட்டார். தராசில் கங்காணியின் கை இருந்ததைப் பார்த்துவிட்டு, "கைய எடுங்க கங்காணி, உங்க கையையும் நானா பறிச்சேன்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். கொழுந்துக்காரிகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காகவே தோட்டத்து வேலைப் பதிவில் அவர் பெயர் வெட்டப்பட்டது. அண்ணன் தேயிலை ஆலையில் வேலை பார்த்ததால் லயத்துக் காம்பிரா, தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை, மட்டும் மிஞ்சியது. மதினி அழவில்லை. அடுத்த வாரமே நானுஓயா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மரக்கறி கட்டும் கொட்டகையில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். நான் ஏற்கெனவே அங்கே மூட்டை ஏற்றுகிறவனாக இருந்தேன். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. இலங்கை சுதந்திரம் பெற்று ஏழெட்டு வருடங்கள் ஆகியிருக்கும்.

அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுவரெலியா கடைவீதியில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி அதை நடத்தினார். பட்டிப்பொலவிலிருந்து ரயிலிலும், கந்தப்பளைப் பக்கமிருந்து லொறியிலும் கோவா, கரட், லீக்ஸ், பீட்ரூட் எல்லாம் வந்து இறங்கும். முட்டைக்கோசை நாங்கள் கோவா என்றுதான் சொல்வோம், காய்கறியை மரக்கறி என்று. இந்த மரக்கறியில் ஒரு பகுதி கொழும்புச் சந்தைக்குப் போகும். இன்னொரு பகுதி, பொறுக்கியெடுத்த பகுதி, கப்பலுக்குப் போகும். கொழும்புத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் கயிறு, தார், பெயின்ட், சவர்க்காரம், மாவு, இறைச்சி, மரக்கறி என்று எல்லாச் சாமான்களையும் போடுகிற ஒரு கம்பெனி இருந்தது. அவர்கள் எங்கள் முதலாளியிடம் மரக்கறி வாங்கினார்கள். கொட்டகையில் வேலை செய்த ஏழு பெண்களில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் "இது கப்பலுக்கு" என்று ஒரு குவியலைக் காட்டினால் போதும், எல்லோருடைய கையும் கொஞ்சம் நிதானமாகும். நமக்குத் தெரியாத யாரோ, தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாத இடத்தில் உட்கார்ந்து, நாம் கட்டியனுப்பிய கோவாவைச் சாப்பிடுவான் என்ற நினைப்பு எங்களுக்கு ஒரு பெருமையைத் தந்தது. மழையிலும் பனியிலும் அந்தப் பெருமை ஒரு சூடு மாதிரி இருந்தது.

கப்பல் கோவாவுக்கு ஒரு சோதனை உண்டு. கொழும்பை விட்டால் அடுத்த துறைமுகம் சில கப்பல்களுக்குப் பத்து நாள் தூரம். அதுவரை அழுகக் கூடாது. கரட்டும் பீட்ரூட்டும் தாங்கிவிடும். கோவாதான் தொல்லை. வெட்டிய அடித்தண்டில்தான் அழுகல் தொடங்கும். முதலில் ஒரு பழுப்பு வட்டம், பிறகு ஒரு வழவழப்பு, பிறகு மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடை. ஒன்று அழுகினால் பெட்டியே போய்விடும். எங்கள் கோவாவில் அரைவாசிக்குப் பழுது என்று கொழும்பிலிருந்து அடிக்கடி சொல்லியனுப்புவார்கள். முதலாளி எங்களை ஏசுவார், நாங்கள் வைக்கோலைக் கூட்டி வைப்போம், மறுபடி அழுகும். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, மதினி வந்து சேரும் வரை.

மதினி ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை. அவர் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இலையில் தடவியது போக விரலில் மிஞ்சும் சுண்ணாம்பைப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் துடைத்துவிடுவார்கள். எங்கள் லயத்துக் கதவு நிலைகளில் எல்லாம் வெள்ளைக் கோடுகள் இருக்கும். கொட்டகையில் மதினிக்குப் பக்கத்தில் இருந்தது கோவாக் குவியல். கவிழ்த்து வைத்த கோவாக்களின் அடித்தண்டு விரலுக்கு வாகாக நிற்கும். பெருவிரலை அதில் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். ஒருநாள் முதலாளி அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இது கோவாவா, உங்க லயத்துச் செவரா? கப்பல்காரன் திங்கிற சாமான்ல சுண்ணாம்பத் துடைக்கிறியே!"

"தண்டத் தின்பாங்களா முதலாளி? வெட்டித்தானே எறிவாங்க."

"வாய் இருக்கே உனக்கு! அத எல்லாம் பொறுக்கி அந்த மூலையில போடு. கொழும்புக்கு அனுப்பாத."

சுண்ணாம்பு பட்ட இருபது முப்பது கோவா மூலைக்குப் போயின. அங்கே ஏற்கெனவே சிறுத்ததும் வெடித்ததுமாகக் கழிவுக் கோவாக்கள் கிடந்தன. இரண்டு வாரம் மழை. யாரும் அந்த மூலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வாடை தாங்காமல் கூட்டி அள்ளப் போனபோது மதினி நின்றுவிட்டார். கழிவுக் கோவாக்கள் கூழாகிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே வெள்ளைப் பொட்டு வைத்தவை மேல் இலை மட்டும் காய்ந்து, கல்லு மாதிரி இருந்தன. மதினி ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்தார். உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது. என்னைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார். "கொழுந்தனாரே, அழுகலுக்கு வாசப்படி இந்தத் தண்டுதான். நான் அதுக்குக் கதவ அடைச்சிருக்கேன், தெரியாமலே" என்றார். அவர் முகம் அன்று எப்படி இருந்தது என்பது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

சுண்ணாம்பு அழுகலைத் தடுக்கும் என்பது உலகத்தில் வேறு எங்கேயும் யாருக்கும் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். வேறு ஊர்களில் வேறு யாராவது இதைச் செய்திருக்கலாம். ஆனால் எங்கள் கொட்டகையில் இதைக் கண்டது என் மதினி. கண்டதோடு விடவும் இல்லை. பனி காய்ந்த பிறகுதான் கோவாவை வெட்ட வேண்டும் என்று மரக்கறி பயிரிடுகிறவர்களிடம் சொன்னார். மேல் இலை மூன்றை விட்டுவைக்கச் சொன்னார். தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது. வெட்டிய தண்டில் கெட்டிச் சுண்ணாம்பைப் பெருவிரலால் ஒரே அழுத்து அழுத்தி, தண்டு மேலே பார்க்க அரை நாள் நிழலில் காய வைத்துத்தான் பெட்டியில் அடுக்குவார். அவருடைய வலது பெருவிரலில் கோவாக் கத்தி வெட்டிய பழைய தழும்பு ஒன்று குறுக்கே ஓடும். அதனால் அவர் வைக்கிற பொட்டில் எப்போதும் நடுவே ஒரு கோடு விழும். மற்றப் பெண்கள் வைத்ததையும் மதினி வைத்ததையும் நான் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வேன். கொழும்பிலிருந்து குறை வருவது நின்றது. முதலாளி ஒன்றும் பாராட்டவில்லை. ஆனால் சுண்ணாம்பை அவரே பானையில் வாங்கி வைக்கத் தொடங்கினார். மதினிக்கு அதுவே போதுமாக இருந்தது. மற்ற ஆறு பெண்களுக்கும் அவரே மேலாளாக ஆனார்.

என் வேலையும் மாறியது. கப்பல் பெட்டிகளோடு வாரத்துக்கு ஒருமுறை சரக்கு ரயிலில் கொழும்புக்குப் போகும் ஆள் நான் என்று ஆனது. வட்டகொடை, தலவாக்கலை, ஹட்டன் என்று இறங்கி, நாவலப்பிட்டியைத் தாண்டும்போது கம்பளியைக் கழற்றி, கொழும்பில் சட்டை ஒட்டிக்கொள்ளும் வெயிலில் நிற்பேன். கம்பெனியின் களஞ்சியம் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்தது. உள்ளே நுழைந்தால் தார் வாசனையும் புதுக் கயிற்று வாசனையும் தூக்கியடிக்கும். என் தொடை பருமனில் கயிறுகள் சுருள் சுருளாகக் கிடக்கும். விளக்குகள், கொடித் துணிகள், பீப்பாய்கள், உப்பிட்ட இறைச்சி. நான் ஒரு கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, யாரும் கேட்டால் மட்டும் பதில் சொல்வேன்.

பிறகு களஞ்சியத்துக்குப் பொறுப்பாக ஒரு சிங்களப் பெரியவர் புதிதாக வந்தார். பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நல்ல மனுஷன். என்னை 'மல்லி', அதாவது தம்பி, என்று கூப்பிட்டு, போனவுடன் பால் இல்லாத பிளேன்டீயும் பணிஸ் ரொட்டியும் வாங்கித் தருவார். அவர் வந்த கொஞ்ச நாளில் ஏதோ ஒரு கப்பலின் உணவுப் பொறுப்பாளர் கோவாவைப் பார்த்து, அழுக்காக இருக்கிறது, அடியில் என்ன வெள்ளை என்று முகம் சுளித்தாராம். பாஸுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. அடுத்த முறை நான் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கோவாவைக் குவித்திருந்தார். காய்ந்த மேல் இலைகளை உரித்து, சுண்ணாம்புத் தண்டை ஒரு விரல் கனத்துக்குச் சீவி எறிந்து, பளபளவென்று கழுவச் சொன்னார். "மல்லி, வாளிய அள்ளித் தா" என்றார். தண்ணீர் படக்கூடாது என்று மதினி ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். வாயைத் திறந்தேன். பாஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். வாளியை எடுத்துத் தண்ணீர் அள்ளித் தந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்த மனுஷனிடம் குறை சொல்வதா என்று கூச்சப்பட்டேன். சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். எல்லாம் சாக்கு. வாய் வரவில்லை, அவ்வளவுதான். மூன்று தடவை அப்படியே நடந்தது.

நாலாவது வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிய கோவா முழுவதும் நாலாம் நாளே அழுகி, நடுக்கடலில் தூக்கி எறிந்தார்களாம். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்களாம். முதலாளி கடிதத்தோடு கொட்டகைக்கே வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும் மதினியைப் பார்த்துக் கத்தினார்.

"உன் சுண்ணாம்புதான் தின்னுருச்சு! நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டியா? இனிமே ஒரு பொட்டு சுண்ணாம்பு பட்டாலும் நீ வீட்டுக்குப் போயிரு."

மதினி கத்தியைக் கீழே வைத்தார். "ஒன்னரை வருஷமா அழுகாதது இப்ப ஏன் அழுகுச்சுன்னு கேளுங்க முதலாளி."

"எனக்குக் கேக்க நேரமில்ல. சுண்ணாம்பு இல்லாமக் கட்டுறியா, இல்லையா?"

"அப்படிக் கட்டுனா அழுகும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே கட்ட என் கை வராது."

அவர் இடுப்பில் சொருகியிருந்த டப்பாவைச் சரிபார்த்துக்கொண்டு, கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். தோட்டத்திலும் பெயர் இல்லை, கொட்டகையிலும் இல்லை. மற்ற ஆறு பேரும் தலையைக் குனிந்து கொண்டார்கள். நான் எல்லோரையும்விடக் கீழே குனிந்திருந்தேன்.

இரண்டு நாள் மதினியின் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிந்தேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லயத்துக்குப் பின்னால் மதினி விறகு வெட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். அவர் கோடரியை நிறுத்திவிட்டு, "என்ன கொழுந்தனாரே, மரத்துக்குத் துணையா நிக்கிறீங்களா?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ், தொட்டி, சீவிய தண்டு, வாளி. வாளியைப் பிடித்தது நான் என்பதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வெட்டிய விறகின் மேல் உட்கார்ந்து ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.

"மூணு தடவையும் நீங்களா தண்ணி அள்ளுனீங்க?"

"ஆமா மதினி."

"நல்ல ஆளத்தான் முதலாளி காவலுக்கு அனுப்பியிருக்காரு." வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "அப்ப என் சுண்ணாம்பு மேல தப்பில்ல."

"இல்ல மதினி."

"அது போதும். எந்திரிங்க, முதலாளிகிட்டப் போவோம்."

முதலாளி நம்பினார், ஆனால் தயங்கினார். சுண்ணாம்புதான் காரணம் என்று கம்பெனிக்கு ஏற்கெனவே பதில் எழுதிவிட்டாராம். கம்பெனிக்காரர்கள்தான் கழுவிக் கெடுத்தார்கள் என்று எப்படி எழுதுவது, கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்றார். மதினி சொன்னார்: "நீங்க எழுத வேணாம். நான் நேர்ல போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"பொம்பளப் புள்ள கப்பல் கம்பெனிக்குப் போறதா? நல்லாருக்கே!"

"என் கை பட்டது கப்பல்ல ஏறி எங்கெங்கயோ போகுது. நான் கொழும்பு வரைக்கும் போகக் கூடாதா?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய் வா என்றார்.

போவதற்கு முன் மதினி ஒரு பெட்டி கோவாவைத் தானே கட்டினார். அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்துக்கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு என்னோடு ரயில் ஏறினார். கொழும்பில் இறங்கியதும் வெயிலைப் பார்த்து, "இந்தச் சூட்டுல தண்ணிய வேற ஊத்துனீங்களா" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

கம்பெனி மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. களஞ்சியத்துக்கே வந்து நின்று கேட்டார். பாஸும் கூலிகளும் சுற்றி நின்றார்கள்.

"என்ன பிள்ளை, நீங்களே வந்திட்டியள்? சுண்ணாம்பாலதான் பழுதாப்போச்சுதெண்டு உங்கட முதலாளியே எழுதியிருக்கிறார்."

"சுண்ணாம்பால இல்லீங்க ஐயா. சுண்ணாம்பச் சீவி எறிஞ்சுட்டுக் கழுவுனதால. தண்ணி பட்டா அழுகும்."

"ஆர் கழுவினது? பாஸ், நீர் கழுவினனீரோ?"

பாஸின் முகம் வெளுத்துவிட்டது. வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத மனுஷன். "இல்ல ஐயா, நாங்க கழுவறது இல்ல" என்றார், உடைந்த தமிழில். மேனேஜர் மதினியைப் பார்த்துக் கையை விரித்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு தூரம் வந்த மதினி பொய் சொன்னவராகத் திரும்பப் போகிறார்.

அப்போது மதினி என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால் நான் ஓடியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் பார்க்கவில்லை. அந்தக் கயிற்றுச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்வேன் என்று அவருக்கு நிச்சயமாக இருந்ததா, அல்லது என்னை மாட்டிவிடக்கூடாது என்று நினைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

"கழுவுனோம் ஐயா. மூணு தடவ. வாளியில தண்ணி அள்ளிக் குடுத்தவன் நான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒன்றரை வருடமாக அந்தக் களஞ்சியத்துக்கு வந்து போனவன், என் குரலை அங்கே யாரும் முழுசாகக் கேட்டதில்லை. நான் நிறுத்தவில்லை. "பாஸ் மேல தப்பு இல்லீங்க. கப்பல்காரங்க அழுக்குன்னு சொன்னாங்க, அவரு சுத்தம் பண்ணப் பாத்தாரு. தண்ணி படக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."

பாஸ் தலையைச் சொறிந்துகொண்டு, சிங்களமும் தமிழுமாக, "ஹரி, சரி ஐயா, அப்படித்தான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மல்லி, உனக்குப் பேசவும் தெரியுமா?" என்றார். கூலிகள் சிரித்தார்கள். மேனேஜருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் வியாபாரி. வாய்ச்சொல்லை மட்டும் நம்பவில்லை. மதினிக்கும் அது தெரிந்திருந்தது.

"ஐயா, என் பெட்டியில பன்னண்டு கோவா இருக்கு. ஆறு கோவாவ பாஸ் இஷ்டம்போல உரிச்சுச் சீவிக் கழுவட்டும். மிச்ச ஆறையும் அப்படியே விடுங்க. பன்னண்டையும் வலையில போட்டு இந்த உத்தரத்துல தொங்க விடுங்க. பன்னண்டாம் நாள் நான் வர்றேன். ரெண்டும் ஒன்னா இருந்தா சுண்ணாம்ப விட்டுர்றேன்."

"சரி பிள்ளை. தோத்தா அழக்கூடாது."

"அழுகுறது எதுன்னு அப்பப் பாப்போம் ஐயா."

அடுத்த வாரம் வழக்கம்போல் நான் கொழும்புக்குப் போனபோது, களஞ்சியத்து வாசலிலேயே வாடை வந்தது. பாஸ் கழுவிய ஆறுக்கும் கீழே ஒரு தகரத்தை வைத்திருந்தார். அதில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. "மல்லி, அக்காவ நாளைக்கே வரச்சொல்லு, மூக்கு போகுது" என்றார். நான் மதினியிடம் சொன்னேன். "பன்னண்டு நாள்னா பன்னண்டு நாள்" என்று சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் மேனேஜர் சுண்ணாம்பு வைத்த வலையிலிருந்து தானே ஒன்றை எடுத்தார். காய்ந்த மேல் இலைகளை உரித்தார். கப்பலுக்கு விற்கும் பெரிய கத்தியால் நடுவே பிளந்தார். சரக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்று காலையில் கந்தப்பளையில் வெட்டியது என்று சொன்னால் நம்பலாம். ஒரு துண்டை மதினியிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குங்க, நான் தினமும் பாக்குறது. நீங்க சாப்புடுங்க" என்றார் மதினி.

மேனேஜர் பச்சையாகவே கடித்தார். பாஸும் ஒரு துண்டு தின்றார். தின்றுகொண்டே போய்ப் பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் எடுத்து வந்தார். கப்பலுக்குப் பெயின்ட் விற்கும் கடையில் அதற்குப் பஞ்சமா? மேனேஜர் சொல்லச் சொல்ல, களஞ்சியத்துக் கதவில் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதினார்கள். மதினிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துச் சொன்னேன்: "நுவரெலியாக் கோவாவைக் கழுவக் கூடாது. அடியில் உள்ள சுண்ணாம்பை எடுக்கக் கூடாது."

"என் பேரு இருக்கா?"

"இல்ல மதினி."

"சுண்ணாம்புன்னு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்பச் சரி."

அன்று மேனேஜர் எங்களைத் துறைமுகப் படித்துறைவரை கூட்டிப்போகச் சொன்னார். பாஸ் கூட்டிப்போனார். மதினி முதல்முறையாகக் கடலுக்கு முன்னால் நின்றார். ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். அவர் கடலைப் பார்க்கவே இல்லை. ஒரு கப்பலின் பக்கத்தில் படகு நின்றது. எங்கள் பெட்டிகளை வலையில் கட்டி மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்தார். மேலே ஒரு மாலுமி பெட்டியிலிருந்து ஒரு கோவாவை எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். "பாத்தான் பாருங்க, பொட்டப் பாத்தான்" என்று என் தோளில் ஓங்கி அடித்தார். அந்த அடி எனக்கு எந்தப் பாராட்டையும்விடப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு பத்து வருடம்போல் அந்தக் கொட்டகையில் மதினி வைத்ததுதான் சட்டம். சில கப்பல்கள் அடியில் வெள்ளை வைத்த கோவா இருந்தால் மட்டும் கொண்டு வா என்று கேட்டு வாங்கின. முதலாளி வெளியாட்களிடம் "எங்க கொட்டகை முறை" என்று பெருமை பேசுவார். மதினி கேட்டுக்கொண்டு வெற்றிலை மெல்லுவார்.

பின்னாளில், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்களை அரசாங்கம் திருப்பியனுப்பியபோது, அண்ணனுக்கும் மதினிக்கும் இந்தியா போவதற்குக் கடுதாசி வந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்த நாட்களில் அது பெரிய கதை. அதை நான் இங்கே எழுதவில்லை. வழியனுப்பத் தலைமன்னார் வரை போனேன். எல்லோரும் அழுதார்கள், நானும்தான். கப்பலைப் பார்த்ததும் மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சமையல்கட்டுல கோவாவ எப்படி வச்சிருக்கான்னு பாக்கணும்" என்றார். அழுதுகொண்டிருந்த அண்ணன்கூடச் சிரித்துவிட்டார். ஏறுவதற்கு முன் இடுப்பிலிருந்த இந்த டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். "அங்க வேற வாங்கிக்குவேன். இது இங்கதான் இருக்கணும்" என்றார். எட்டு வருடம் கழித்து அவர் இறந்துவிட்ட செய்தி கடிதத்தில் வந்தது.

போன மாதம் நுவரெலியா மொத்தச் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு வாலிப வியாபாரி கோவாக்களைக் கவிழ்த்து அடுக்கி, ஒரு குச்சியில் துணி சுற்றிச் சுண்ணாம்புச் சட்டியில் தோய்த்து, தண்டுகளில் வைத்துக்கொண்டே போனான். நான் நின்று பார்த்தேன். அவன் சிரித்தான். "என்ன அண்ணே, புதுசாப் பாக்குறீங்களா? இது எல்லாரும் செய்றதுதான்."

வழக்கப்படி சிரித்துவிட்டு நகர்ந்திருக்க வேண்டும். கால் நகரவும் செய்தது. சட்டைப் பைக்குள் டப்பா கையில் தட்டுப்பட்டது. திரும்பி வந்தேன்.

"எல்லாரும் செய்றதுதான் தம்பி. ஆனா இந்தப் பக்கத்துல மொத மொத செஞ்சது ஒரு பொம்பள. நானுஓயாக் கொட்டகையில. நான் கூட இருந்தேன்."

அவன் குச்சியை நிறுத்தினான். பக்கத்துக் கடைக்காரனும் எட்டிப் பார்த்தான்.

"அப்படியா? யாரு அண்ணே அது? பேரு என்ன?"

டப்பாவை எடுத்து அவன் தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கொழுந்தன் சொல்லக் கூடாத பெயர். என் வாழ்நாளில் ஒருமுறைகூட நான் சொல்லியிராத பெயர். அந்தச் சந்தை இரைச்சலில், பக்கத்துக் கடைக்காரனுக்கும் கேட்கும்படி, என் மதினியின் முழுப் பெயரையும் சொன்னேன்.